பண்டிகைப் பலகாரமும் பங்கும்

தீபாவளியன்று வீட்டில் செய்த பலகாரத்தைத் தட்டில் வைத்து அண்டை வீட்டாருக்கு அனுப்புவது நம்மிடையே நெடுநாளாக நிலவி வரும் வழக்கம். பிழைப்பின் பொருட்டு மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய தமிழரும் அதனைக் கைவிட்டாரல்லர். ஆயினும் இன்று கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டி அத்தட்டின் இடத்தைப் பிடித்து வருகிறது. இதனால் நாம் இழப்பது யாது?

கடைப் பலகாரம் புதியது என்று சொல்ல இயலாது. மதுரைக்காஞ்சியிலேயே அப்பம் விற்கும் கூவியரைக் காண்கிறோம். தேன்கூட்டை ஒத்த மெல்லடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் அவர்தம் பண்டங்கள். ஆகவே, விற்பனைப் பண்டமும் தமிழர் வாழ்வில் தொன்மையானதே. வீட்டுத் தட்டின் சிறப்பை வேறிடத்தில் தேட வேண்டும்.

விஜயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகள், பெரும்பாலும் தமிழிலேயே அமைந்தவை, இதற்கு விடை தருகின்றன. அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி எனப் பலகாரப் படையல்களுக்கு அறக்கட்டளைகள் ஏற்பட்டன. இன்ன பண்டத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு சர்க்கரை என்று அளவு குறித்தார்கள். படைத்த பின், நாலில் ஒரு பங்கு கட்டளை வைத்தவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். பலகாரம் பகிர்வது தயவு என்று கருதப்படவில்லை. அது கல்லில் பொறித்துக் காக்கத்தக்க உரிமையாக இருந்தது.

அதிரசத்தின் சுற்றமும் பெரிது. ஆந்திரத்தில் அது அரிசெலு, கன்னட நாட்டில் கஜ்ஜாயம், ஒடிசாவில் அரிசா பிட்டா, மராட்டியத்தில் அனாரசே. நாம் ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை ஈரம் முற்றும் போகுமுன் இடித்து, வெல்லப் பாகில் கிளறுகிறோம். மராட்டியரோ அரிசியை மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீர் மாற்றிப் பின் இடித்து, ஒரு பக்கம் கசகசா ஒற்றிப் பொரிக்கின்றனர். நம் முறுக்கின் இனத்தது அவர்தம் சக்லி. சோமாசியின் இனத்தது கரஞ்சி. அண்டை வீட்டுக்குச் செல்லும் நம் தட்டு அயலாரிடம் செல்வதாகத் தோன்றினும், உறவினரிடமே செல்கிறது.

அவ்வுறவுக்குச் சோதனையும் நேர்ந்ததுண்டு. 1943-இல் மும்பையில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அளந்து கொடுக்கும் பொருளைக் கொண்டு பண்டிகை செய்ய வேண்டிய காலத்தில், ஒரு வீட்டார் நான்கு அதிரசம் அனுப்பினால், அவை மிச்சத்திலிருந்து எடுத்தவை ஆகா. தம் பங்கைக் குறைத்துக்கொண்டு பிறருக்கு ஈந்தவை.

இப்பொருள் பெட்டியில் இல்லை. விலை கொடுத்து வாங்கியதில் நம் நேரமும் உழைப்பும் கலப்பதில்லை. பாகின் பதம் பார்க்கும் கையும் தலைமுறைக்குத் தலைமுறை அருகி வருகிறது. எல்லாப் பலகாரத்தையும் வீட்டிலேயே செய்வது அலுவலுக்குச் செல்வோருக்கு அரிது. ஒன்றையேனும் செய்யலாம், மாவு பிசையும்போது பிள்ளைகளை அருகில் இருத்திக்கொள்ளலாம். தமிழர் விடியற்காலையில் எண்ணெய் நீராடிக் கொண்டாடும் தீபாவளியை வட இந்தியர் அமாவாசை இரவில் விளக்கேற்றிக் கொண்டாடுகின்றனர். காலையில் நாம் அனுப்பும் தட்டு, இரவில் அவர்தம் பண்டத்தோடு திரும்புவதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு ஏது? வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்னும் முறை இரு வீட்டாருக்கும் தெரிந்ததுதானே!