சித்திரம் தீட்டிய வீடு

லெனாட் வூல்ப் என்ற பெயர் ஈழத்து வாசகருக்குப் புதியதன்று. 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றின் அழிவை 1913 இல் நாவலாக்கியவர். அவருடைய மனைவி வேர்ஜீனியாவின் தமக்கை வனெசா பெல் ஓர் ஓவியர். அவ்வனெசாவின் மகள் அஞ்செலிக்காவின் இளமையே இங்கு நாம் நோக்குவது.

1918 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், சாள்ஸ்ரன் என்னும் பண்ணை வீட்டில் அவள் பிறந்தாள். கதவு, மேசை, சுவர் யாவற்றிலும் பெரியோர் சித்திரம் தீட்டிய வீடு அது. வனெசாவின் தந்தை சேர் லெஸ்லி ஸ்ரீபன் பெயர்பெற்ற அறிஞர். கணவர் கிளைவ் பெல் கலை விமரிசகர். அவர் குடும்பத்துச் செல்வமோ வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. மணவாழ்வின் பழைய விதிகளை உதறியெறிந்தது அந்தக் கலைஞர் வட்டம். அதற்கு வேண்டிய ஓய்வைத் தேடிக் கொடுத்தோருள் கரி வெட்டிய தொழிலாளரும் உளர். நமது கலாரசிகர்கள் இதனை ஏனோ பேசுவதில்லை.

பாடசாலையில், மகளுக்குப் பிடிக்காத பாடங்களிலிருந்து தாய் விலக்குப் பெற்றுக் கொடுத்தார். வகுப்பறையில் நாட்களைக் கழிக்கும் எனக்கு இச்செய்தி நெருடுகிறது. ஒழுங்கான கல்வி தமக்குக் கிட்டவில்லையென்று பின்னர் அஞ்செலிக்காவே வருந்தினார்.

அதனினும் பெரிய வஞ்சனை ஒன்றுண்டு. அவளைப் பெற்ற தந்தை கிளைவ் அல்லர்; அதே வீட்டில் வாழ்ந்த ஓவியர் டங்கன் கிறான்ட். நெருங்கிய நண்பர்கள் அறிந்திருந்த இவ்வுண்மை, பெண்ணுக்குப் பதின்ம வயதின் இறுதியிலேதான் சொல்லப்பட்டது. சம்பிரதாயங்களை எள்ளி நகையாடியவர்கள், கிளைவின் பெற்றோர் முன்னிலையில் மட்டும் பாசாங்கைக் கவனமாகப் பேணினர். 1942 இல் அவர் மணந்த டேவிட் கார்னெற் அவரினும் இருபத்தாறு வயது மூத்தவர். முன்னொருகால் டங்கனின் காதலர். வனெசாவும் டங்கனும் இம்மணத்தை விரும்பவில்லை. ஆயினும் காரணத்தை வாய்திறந்து சொன்னாரில்லை.

இவற்றையெல்லாம் அஞ்செலிக்கா 1984 இல் நூலாக எழுதினார். அன்பு காட்டியே ஏமாற்றினார்கள் என்பதுதான் அவருடைய முறைப்பாடு. 2012 இல் அவர் காலமானார்.

அவ்வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தார். 1920 இல் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்த கிறேஸ் ஹிக்கின்ஸ். ஓவியர்கள் தூரிகை பிடித்த வேளைகளில் அடுக்களையைத் தாங்கியவர். அவரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அது இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.