ஷேர்லியின் முகம்

அம்மா கனடாவில் எடுத்த முதற் படத்தை ஊருக்கு அனுப்பவேயில்லை. 1984ஆம் ஆண்டு, ரொறன்ரோவில் அவர் வேலைசெய்த தையல் தொழிற்சாலையில் எடுத்தது. நான்கு பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். மூவர் வெள்ளைக்காரர், அவர்களுடைய கன்னத்துச் சிவப்புக்கூடத் தெரிகிறது. நான்காவது முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான். "நான் இவ்வளவு கறுப்பே?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அதற்குப் பிறகு பவுடர் பூசாமல் அம்மா கமராவின் முன் நின்றதில்லை.

மொன்றியலிலுள்ள கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரொத் 2009இல் எழுதிய ஓர் ஆய்வுக்கட்டுரையை வாசித்தபோது, அந்தக் கேள்வி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. அதில் வருபவர் ஷேர்லி என்ற மொடல்.

1954 வரை அமெரிக்காவில் கொடாக் நிறுவனம் வண்ண ஃபிலிமை விற்கும்போதே அதைக் கழுவிப் பிரதியெடுக்கும் கூலியையும் சேர்த்து வாங்கியது. ஏகபோகத்துக்கு எதிராக அரசு எடுத்த நடவடிக்கை அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. பிற கடைகளும் வண்ணப்படம் கழுவத் தொடங்கின. அவர்களுக்கு இயந்திரங்களை விற்ற கொடாக், நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படத்தையும் கூடவே அனுப்பியது. வெளிர்மேனியும் பளிச்சென்ற உடையுமாக ஓர் இளம்பெண். முதலில் அப்படி நின்றவர் கொடாக் ஊழியரான ஷேர்லி பேஜ். பின்னர் வேறு பெண்கள் நின்றார்கள். அட்டைக்கு ஷேர்லி என்ற பெயரே நிலைத்தது. சில அட்டைகளில் 'நோர்மல்' என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

ஷேர்லியின் மேனி அட்டையில் உள்ளதுபோல வரும்வரை இயந்திரத்தைத் திருத்துவார்கள். பிறகுதான் எங்கள் சுருள்கள் உள்ளே போகும். விளம்பரத்தில் வரும் மொடலை நாம் பார்க்கிறோம். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஷேர்லியை வாடிக்கையாளர் எவரும் கண்டதில்லை. ஆனால் எல்லோருடைய முகத்துக்கும் அவரே அளவுகோல்.

ஃபிலிமும் வெளிர்மேனியை மனதில் வைத்தே உருவானது. கருமேனியின் நுட்பமான நிறபேதங்கள் அதில் பதியவில்லை. கறுத்தவர் தனியே நின்றால் வெளிச்சத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். இரு நிறத்தவரும் ஒரே படத்தில் நின்றால் ஒரு முகத்தைத்தான் காப்பாற்ற முடியும்.

1970களின் இறுதியில் மொசாம்பிக் போன திரைப்பட இயக்குநர் ழான் லுக் கொடார், கொடாக் ஃபிலிம் இனவாதம் கொண்டது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார். நிறுவனத்தை அசைத்தது அதுவல்ல. பால் சொக்லேற்றும் கருஞ்சொக்லேற்றும் படத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று சொக்லேற் தயாரிப்பாளர்கள் முறையிட்டார்கள். மரங்களின் நிறபேதம் தெரியவில்லை என்று தளபாடக்காரர்கள் முறையிட்டார்கள். 1980களில் ஃபிலிம் மேம்பட்டது. மங்கிய ஒளியிலும் கருங்குதிரையின் நுணுக்கங்களைப் பிடிக்கும் என்று கொடாக் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. வெள்ளை, கறுப்பு, ஆசியப் பெண்கள் மூவர் சேர்ந்திருக்கும் அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது.

சிவத்த மேனி மோகத்தை ஷேர்லி எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. ஊரில் கலியாணம் பேசும்போது பொம்பிளை என்ன நிறம் என்ற கேள்வி எப்போதும் இருந்தது. அம்மாவின் படம் இருண்டதற்கு அந்த மண்டபத்தின் வெளிச்சமும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஊர்ச்சனத்தின் வாயை நம்பாத அம்மா, படத்தை நம்பினார். மனிதர் பொய் சொல்வார்கள், கமரா சொல்லாது என்பதுதான் எங்கள் எண்ணம். அந்தக் கமராவின் உண்மைக்குப் பின்னால் யாரோ தெரிவுசெய்த ஒரு முகம் இருந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

போன மாதம் நான் சொன்னேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"குதிரைக்கும் சொக்லேற்றுக்கும் பிறகுதான் நாங்களோ?" என்றார்.

பிறகு, அந்த மூன்று பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.