ரயிலில் ஓர் இடம்

1980களின் நடுப்பகுதி வரை இந்திய ரயிலில் ஒரு படுக்கை யாருக்கு என்பது தடித்த பதிவேடு ஒன்றில் முடிவானது. வண்டிக்கொரு பதிவேடு, நாளுக்கொரு பக்கம், பெட்டிக்கொரு பட்டியல். படுக்கை எண்ணுக்கு எதிரே பயணியின் பெயரை எழுத்தர் கையால் எழுதுவார். பயணச்சீட்டு, தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ரயில்வே ஊழியர் 1830களின் இறுதியில் உருவாக்கிய சின்னக் கெட்டி அட்டை. பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் அதன் முதுகிலோ தனித் துண்டுச் சீட்டிலோ பேனாவால் எழுதித் தருவார்கள். ஒரு பதிவேட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிரித்து வைத்துக்கொள்ள முடியும். அதனால் இந்த வண்டிக்கு இந்தக் கவுண்ட்டர் என்று பிரித்தார்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் வரிசையில் நின்று இடமில்லை என்று தெரிந்துகொண்டவர், வேறு வண்டியைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு வரிசையின் வாலில் போய்ச் சேர வேண்டும். அன்றைய ரிசர்வேஷன் அலுவலகங்களின் நெரிசலுக்குப் பயணிகள் மிகுதி ஒரு காரணம் என்றால், தகவல் ஒரே தாளில் அடைபட்டிருந்தது இன்னொரு காரணம்.

இந்த அடைப்பினால் இடங்கள் வீணாயின. நீண்ட தூர வண்டி ஒன்று வழியில் பல ஊர்களில் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். எல்லா ஊர்களிலும் ஒரே பதிவேட்டை வைத்திருக்க முடியாது என்பதால், ஒவ்வொரு பெரிய நிலையத்துக்கும் சில படுக்கைகளைப் பங்காக ஒதுக்கிவிட்டார்கள். ஓர் ஊரின் பங்கு விற்காமல் கிடக்க, அடுத்த ஊரில் ஆட்கள் இடமின்றித் திரும்பினார்கள். திரும்பிவரும் பயணத்துக்கும், நடுவில் வண்டி மாறும் பயணத்துக்கும் அந்தந்த நிலையத்துக்குத் தந்தி அடித்துக் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் புறப்படும் நாளே வந்துவிடலாம். டெல்லிக்குப் போகிறவருக்குத் திரும்பிவர இடம் இருக்கிறதா என்பது டெல்லியில் இறங்கி விசாரித்தால்தான் உறுதியாகும். பதிவேட்டில் இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூடியவர் எழுத்தர் ஒருவரே என்பதால், அவர் சொல்வதை நம்புவதைத் தவிர கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு வேறு வழியில்லை. பெரும்பாலான எழுத்தர்கள் நேர்மையாகத்தான் உழைத்தார்கள். ஆனால் கற்பனைப் பெயர்களில் படுக்கைகளை எழுதிவைத்துப் பிறகு கூடுதல் விலைக்கு விற்கும் தரகர்களுக்கு அந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. அடையாள அட்டை கேட்கும் வழக்கம் இல்லாத காலம். முன்பதிவு செய்த எல்லா வகுப்புகளுக்கும் அது கட்டாயமானது 2012 டிசம்பரில்தான்.

1985இல் புதுடெல்லியில் கணினி வழி முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. அதை உருவாக்கியது சி.எம்.சி. என்ற பொதுத்துறை நிறுவனம். 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற நிறுவனம் அது. விமான நிறுவனங்கள் அதற்கு முன்பே கணினியில் டிக்கெட் விற்றுவந்தன, ஆனால் அந்த முறையை அப்படியே எடுத்து ரயிலுக்குப் பொருத்திவிட முடியாது. பெரும்பாலான விமானங்களில் ஓர் இருக்கை ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். ரயிலில் ஒரே படுக்கையைச் சென்னையிலிருந்து விஜயவாடா வரை ஒருவருக்கும், அங்கிருந்து டெல்லி வரை வேறொருவருக்கும் விற்கலாம். அதன்மேல் வகுப்புகள், ஊர்வாரிப் பங்குகள், பெண்களுக்கும் படைவீரர்களுக்குமான ஒதுக்கீடுகள், யாராவது ரத்து செய்தால் படுக்கையாக மாறும் ஆர்.ஏ.சி. இருக்கை, காத்திருப்போர் பட்டியல் என்று அடுக்கடுக்கான விதிகள். எழுத்தர்களின் தலைக்குள்ளும் சுற்றறிக்கைக் கட்டுகளிலும் கிடந்த இந்த விதிகளை ஒரு நிரலாக எழுதியது இந்தியப் பொறியாளர்களின் பெரிய சாதனை. அதற்கு உரிய புகழ் அவர்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1986இல் ரயில்வேயின் தகவல் அமைப்புகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்ற மையம் நிறுவப்பட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களின் கணினிகள் முதலில் தனித்தனியாக இயங்கின. சென்னையில் 1985 மே மாதத் தீயில் அழிந்த மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த ரயில்வே வளாகம் முன்பதிவு மையமாகி, நகரத்தார் அனைவருக்கும் பழக்கமான முகவரி ஆயிற்று. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களின் இணைப்பும் முழுமையடைந்தது. அதன் பிறகு எந்தக் கவுண்ட்டரிலிருந்தும் எந்த வண்டிக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. நாகர்கோவிலில் நின்றபடி கொல்கத்தாவிலிருந்து வேறெங்கோ போகும் வண்டியில் படுக்கை கேட்கலாம்; இருக்கிறது, இல்லை என்று அந்த நிமிடமே பதில் வரும். வண்டிவாரி வரிசை மறைந்தது. ஒருவர் ரத்து செய்த இடம் தானாகவே காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்குப் போனது; எழுத்தரைத் தெரிந்தவர் என்ற தகுதி அங்கே செல்லுபடியாகவில்லை. முதியவர்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும், இடம் இருந்தால், அவர்கள் கேட்காமலே கீழ்ப்படுக்கை கொடுக்கும் விதியைப் பின்னாளில் நிரலிலேயே சேர்க்க முடிந்தது. அன்றாட வாழ்வில் கணினியால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காட்ட மாட்டேன். கணினி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலும் வங்கிகளிலும் பெரும் போராட்டங்களாக வெடித்திருந்த நாட்டில், இந்த மாற்றத்தைப் பயணிகள் தயக்கமின்றி வரவேற்றதற்கு அதன் பலன் கண்ணெதிரே தெரிந்ததே காரணம்.

ஆனால் இந்த மாற்றம் தீர்த்தது தகவல் பஞ்சத்தை. இடப் பஞ்சம் அப்படியே இருந்தது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தெற்கே போக விரும்புகிறவர்கள் வண்டிகளின் கொள்ளளவைவிடப் பல மடங்கு. இருப்பது குறைவு, வேண்டுவோர் அதிகம் என்றால் ஏதோ ஒரு விதிப்படி பங்கிட்டே ஆக வேண்டும். பதிவேட்டுக் காலத்தில் அந்த விதி கால்கடுக்க நிற்பது. முதல் நாள் இரவே வந்து துண்டு விரித்துப் படுப்பவருக்கு முதல் இடம். 2002 ஆகஸ்டில் ரயில்வேயின் நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, முதலில் அச்சிட்ட டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் பயணியே அச்செடுத்துக்கொள்ளும் மின்டிக்கெட்டும், பிறகு கைபேசித் திரையும் வந்தன. இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் இணையத்தில் விற்கின்றன. விற்பனை காலை 8 மணிக்குத் திறந்தால், பண்டிகை நாட்களுக்குப் பாண்டியன், முத்துநகர், கன்னியாகுமரி போன்ற வண்டிகள் சில நிமிடங்களில் நிறைந்துவிடுகின்றன. இப்போது பங்கிடும் விதி நொடி. வேகமான இணைப்பு, முன்கூட்டியே நிரப்பிவைத்த பெயர்ப்பட்டியல், உடனே பணம் செலுத்தும் வசதி, பழகிய விரல்கள், இவை உள்ளவருக்கு முதல் இடம். இரவெல்லாம் காத்திருக்கும் பொறுமை ஏழைக்கும் இருந்தது. நொடியில் முந்தும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. கணினி கொண்டுவந்த தீங்குகளில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரவெல்லாம் தெருவில் படுக்கவைத்த பழைய முறையை நியாயமானது என்று சொல்லலாமா? உடல் நலமில்லாதவரும் கைக்குழந்தையோடு இருக்கும் தாயும் அன்றாடக் கூலியை இழக்க முடியாதவரும் அந்த வரிசையில் நிற்க முடிந்ததா? முடியவில்லை என்பது உண்மைதான். பழைய விதி நியாயமானது என்பது என் வாதமன்று; அதன் அநியாயம் எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் அதைத் தட்டிக் கேட்கவும் முடிந்தது என்கிறேன். வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால் பின்னால் நிற்பவர் சத்தம் போடுவார். திரைக்குப் பின்னால் தானியங்கி மென்பொருள் ஒன்று ஆயிரம் பேரை முந்திக்கொண்டு போனால் யார் சத்தம் போடுவது? உரிமமின்றி டிக்கெட் வாங்கி விற்பவருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. தரகர்கள் பதிவேட்டை விட்டுக் கணினிக்குக் குடிபெயர்ந்த பிறகு அதே பிரிவில்தான் அவர்களைப் பிடிக்கிறார்கள். குற்றம் பழையது, வேகம் மட்டும் புதிது. ரயில்வே சும்மா இருக்கவில்லை. 2025 ஜூலை முதல் இணையத்தில் ‘தட்கல்’ என்ற அவசர டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். விற்பனை திறந்த முதல் அரை மணி நேரத்துக்கு அங்கீகாரம் பெற்ற முகவர்களுக்கும் தடை. பொய்க் கணக்குகளை இது குறைக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏமாற்றுக்காரரைத் தடுக்க வைக்கும் பூட்டு, ஆதாரோடு கைபேசி எண்ணை இணைக்காதவரையும் வெளியே நிறுத்துகிறது.

நொடிக்கு அடுத்த விதி பணம். அவசரப் பயணிகளுக்காக 1997 டிசம்பரில் தட்கல் திட்டம் வந்தது. மரணம், தேர்வு, நேர்காணல் என்று முன்கூட்டித் திட்டமிட முடியாதவர்களுக்குச் சில படுக்கைகளை ஒதுக்கிவைப்பது நல்ல எண்ணம், கூடுதல் கட்டணமும் ஓரளவு பொறுக்கக்கூடியதே. 2014இல் பிரீமியம் தட்கல் என்று, தேவைக்கேற்ப விலை ஏறும் முறையைச் சேர்த்தார்கள். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், நூற்றுக்குப் பத்துப் படுக்கைகள் விற்கும்தோறும் அடிப்படைக் கட்டணத்தில் பத்து விழுக்காடு ஏற்றி, ஒன்றரை மடங்கு வரை கொண்டுபோனார்கள். கையால் எழுதும் பதிவேட்டில் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு விற்பனையும் அந்தக் கணமே எல்லா ஊர்களிலும் கணக்கில் ஏற வேண்டும். எல்லோருக்கும் உண்மை நிலவரத்தைக் காட்டப் பயன்பட்ட அதே திறன், எவரால் அதிகம் கொடுக்க முடியும் என்று பார்க்கவும் பயன்பட்டது. ரயில்வேக்கு வருமானம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். குளிர்சாதனப் பெட்டியில் போகிறவர் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தட்கலிலும் பிரீமியம் தட்கலிலும் சாதாரணத் தூங்கும் வசதிப் பெட்டியின் படுக்கைகளும் உண்டு. அந்தப் பெட்டியில் பயணம் செய்வோர் விமானத்துக்கும் வண்டிக்கும் இடையில் தேர்ந்தெடுப்பவர்கள் அல்லர்.

கவுண்ட்டர்கள் இன்னும் இருக்கின்றனவே, இணையம் தெரியாதவர் அங்கே போகலாமே என்பது அடுத்த மறுப்பு. இருக்கின்றன. ஆனால் தட்கல் கவுண்ட்டரிலும் இணையத்திலும் ஒரே மணிக்குத் திறக்கிறது: குளிர்சாதன வகுப்புக்கு 10, மற்றவற்றுக்கு 11. வரிசையில் முதலாவதாக நிற்பவரின் படிவத்தை எழுத்தர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நாடு முழுவதும் எத்தனையோ விரல்கள் அழுத்திவிடுகின்றன. ஐந்தாவதாக நிற்பவர் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே நிற்பவருக்கு ஒரு வசதி இருந்ததையும் மறக்கக் கூடாது: படிவம் தமிழிலும் அச்சாகியிருக்கும், எழுத்தர் தமிழில் பேசுவார், இந்த வண்டியில் இல்லை, நாளை மறுநாள் இன்னொன்றில் பாருங்கள் என்று வழி சொல்வார். ஐ.ஆர்.சி.டி.சி. தளம் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கியது, பிறகு இந்தி சேர்ந்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் பக்கத்துக் கடைக்காரரையோ பேரப்பிள்ளையையோ நம்ப வேண்டும். எழுத்தரைச் சார்ந்திருந்தவர் இன்னொருவரைச் சார்ந்திருக்கிறார். அந்த இன்னொருவருக்குப் பொறுப்போ பதவியோ கிடையாது, தவறு நேர்ந்தால் புகார் கொடுக்கவும் ஆள் இல்லை. டிக்கெட்டுகளுக்குள்ளும் வேறுபாடு வந்தது. புறப்படும் முன் பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் தயாரான பிறகும் காத்திருப்போர் பட்டியலிலேயே நிற்கும் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். கவுண்ட்டரில் வாங்கிய அதே நிலையிலுள்ள தாள் டிக்கெட் தானாக ரத்தாவதில்லை. வாங்கிய இடத்தைப் பொறுத்து ஒரே கட்டணம் கொடுத்த இருவரின் நிலை மாறியது.

இத்தனை குறைகளையும் சொன்ன பிறகும், பதிவேட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம், இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு பயன். பதிவேட்டில் இடம் பெற்றவரின் பெயர் மட்டுமே இருந்தது. இடம் கிடைக்காமல் கவுண்ட்டரிலிருந்து திரும்பியவர் எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ரயில்வேக்கே தெரியாது. கணினியில் ஒவ்வொரு காத்திருப்பு எண்ணும் பதிவாகிறது: எந்த வண்டி, எந்த நாள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை பேருக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை என்பது மையத்தின் கணினிகளில் இருக்கிறது. முயலாமலே விட்டவர்களும், முன்பதிவில்லாப் பெட்டிகளில் நின்றுகொண்டே போகிறவர்களும் அதில் வரமாட்டார்கள் என்பது உண்மையே, ஆகவே பற்றாக்குறையின் முழு அளவை அது காட்டாது. ஆனாலும் வண்டி கேட்டு மனுக் கொடுக்கும் எந்த ஊர்ச் சங்கத்திடமும் இவ்வளவு வலுவான சான்று முன்பு இருந்ததில்லை. அந்தப் பதிவைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 செப்டம்பர் 21 முதல், காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்த தடங்களில், ஏற்கெனவே ஓடும் வண்டியின் வழியிலேயே ‘குளோன்’ ரயில்கள் என்று இருபது ஜோடி வண்டிகளை விட்டார்கள். பட்டியலைப் பார்த்து விலையை ஏற்றத் தெரிந்த அமைப்புக்கு, பட்டியலைப் பார்த்து வண்டியை விடவும் தெரியும் என்று அது காட்டியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதமும் இடம் கிடைக்காமல் போனவர்களின் எண்ணிக்கையை ரயில்வே தானாகவே வெளியிட வேண்டும். சென்னையிலிருந்து தூத்துக்குடி, செங்கோட்டை, ராமேஸ்வரம் தடங்களுக்கு எத்தனை வண்டிகள் போதவில்லை என்பதை அந்த எண்களை வைத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.