மினமாட்டா: சேற்றில் படிந்த கணக்கு

1956 மே 1 அன்று, ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள மினமாட்டா நகரில், சிஸ்ஸோ இரசாயன ஆலையின் மருத்துவமனையிலிருந்து பொது சுகாதார அலுவலகத்துக்கு ஒரு தகவல் சென்றது: காரணம் அறியப்படாத நரம்பு நோய் பரவுகிறது. மக்கள் அதனைக் 'கிப்யோ', அதாவது விசித்திர நோய், என்றனர். அதற்கு முன்பே பூனைகள் வெறிகொண்டு சுழன்று மடிந்ததற்குப் 'பூனை ஆடும் நோய்' என்ற பெயர் வழங்கியது. இப்பெயர்கள் தீங்கற்றவை அல்ல. விசித்திரம் என்றதும் தொற்று என்ற அச்சம் எழுந்தது. நோயாளிகளின் வீடுகளில் கிருமிநாசினி தெளித்தனர். மீனவக் குடும்பங்களை ஊரார் ஒதுக்கினர்.

காரணமோ விரிகுடாவின் அடியில் படிந்து கிடந்தது. 1932 முதல் அவ்வாலை அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தி, கழிவை ஹியாக்கென் துறைமுகத்துக்குள் விட்டுவந்தது. கடல்நீர் பெயர்ந்துகொண்டே இருக்கும். பாதரசம் நுண்களிமண்ணோடும் கரிமத் துகள்களோடும் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். 1959-இல் குமாமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடிகால் வாயருகே எடுத்த சேற்றில் டன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோ பாதரசம் இருந்தது. சுரங்கமாகத் தோண்டத்தக்க செறிவு அது. வடிகாலை விட்டு விலக விலக அளவு குறைந்தது. மூலம் எதுவென்று அறிய வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சேற்றின் நுண்ணுயிரிகளே பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றின என்ற விளக்கம் வகுப்பறைகளில் இன்றும் கேட்கிறது. மினமாட்டாவைப் பொறுத்தவரை அது பொருந்தாது. மெத்தில் பாதரசத்தின் பெரும்பகுதி ஆலையின் வினைக்கலத்திலேயே உருவாகிக் கழிவோடு வெளிவந்தது. இயற்கையின் தலையில் ஏற்றிய பழி ஆலைக்குரியது.

ஆலை அறியாமல் இருந்ததா? 1958 செப்டம்பரில் கழிவு வாயை மினமாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றினர். அதன்பின் அப்பகுதியிலும் நோயாளிகள் தோன்றினர். 1959-இல் ஆலை மருத்துவர் ஹோசொகாவா அசிட்டால்டிஹைடுக் கழிவை உணவில் கலந்து ஊட்டிய 400-ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது. முடிவு வெளியே வரவில்லை. 1970-இல் மரணப் படுக்கையிலிருந்தபடியே அவர் அதனைச் சாட்சியமாக அளித்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது: அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்றது 1968 மே மாதத்தில், ஆலைக் கழிவே காரணம் என்று அரசு அறிவித்தது அதே ஆண்டு செப்டம்பரில். கைவிடப்படும் நிலையிலிருந்த ஓர் உற்பத்தி முறை முடிவுக்கு வந்த பிறகே உண்மைக்கு அரசு முத்திரை கிடைத்தது.

1977 முதல் 1990 வரை, 25 பிபிஎம் அளவைத் தாண்டிய சேற்றைக் கையாளும் பணி நடந்தது. ஒரு பகுதியைத் தோண்டி எடுத்து, எஞ்சியதை இருந்த இடத்திலேயே மூடினர். இவ்வாறு 15 இலட்சம் கனமீட்டர் சேறு எஃகுத் தடுப்புகளுக்குள் அடங்க, 58 ஹெக்டேர் புதுநிலம் உருவானது. 25 என்பது நிருவாகம் வகுத்த எல்லை. அதற்குக் கீழ்ப்பட்ட சேறு கடலடியிலேயே விடப்பட்டது. மீன்கள் வெளியேறாதிருக்க 1974-இல் விரிகுடாவின் குறுக்கே கட்டிய வலை 1997-இல் அகற்றப்பட்டது. புதுநிலத்தின் மீது இப்போது ஒரு பூங்கா இருக்கிறது.