எண்பது டாலர் பல்

சொத்தைப் பல்லைப் பிடுங்க அன்று சுமார் 80 டாலர்தான் ஆகியிருக்கும். காலத்தில் அது நடக்காததால், 2007-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான். பல்லில் கட்டிய சீழ் மூளைக்குப் போய்விட்டது! ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கும் பல் டாக்டர்கள் அப்போது அங்கே அபூர்வமாக இருந்தார்கள்.

டாக்டர்களை மட்டும் திட்டி என்ன பயன்? படிப்புக் கடன் கழுத்தை நெரித்தால், பணம் புரளும் ஊரைத்தானே தேடுவார்கள்?

வாஷிங்டனுக்கு இது பழைய தலைவலி. 1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது, தேசிய சுகாதார சேவைப் படை. 1972-ல் ஸ்காலர்ஷிப்புக்கு வழி செய்தார்கள். 'இப்போ படி, அப்புறம் ஏழைகளுக்கு வேலை செய்' என்பது ஒப்பந்தம். 1987-ல் இன்னொரு வழி: 'படிச்சு முடிச்சாச்சா? டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் ரெண்டு வருஷம் இரு. உன் கடனை நாங்க அடைக்கிறோம்!'

பல் டாக்டருக்கு 50,000 டாலர் வரை கிடைக்கும். பாதியில் ஓடினால், வேலை செய்யாத ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர் அபராதம், வட்டி வேறு! முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. காசில்லை என்று வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அந்தச் சிறுவன் இறந்தபோது இந்தத் திட்டத்துக்கு வயது இருபது. நல்ல சட்டம் இருந்தது. அவன் வாயைத் திறந்து பார்க்கத்தான் நேரத்துக்கு ஆளில்லை.