தலைப்பாகை அணிந்த இயந்திரம்

இந்தியாவில் பிறந்த சதுரங்கம், பாரசீகம் வழியாக அரபுலகை அடைந்து 'ஷத்ரன்ஜ்' என்னும் பெயர் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் அல்அத்லீயும், 10ஆம் நூற்றாண்டில் அஸ்ஸூலீயும் அதன் நுட்பங்களை ஆராய்ந்து தனி நூல்கள் இயற்றினர். அஸ்ஸூலீ விட்டுச்சென்ற ஒரு புதிருக்கு 1980களில்தான் ரஷ்ய வல்லுநர் யூரி அவெர்பாக் விடை கண்டார். ஆயினும், ஐரோப்பியப் பொதுமக்கள் சதுரங்கத்தோடு இணைத்துப் பார்த்த முஸ்லிம் உருவம் இவ்வறிஞர்களுடையதன்று, ஒரு பொம்மையினுடையது.

1770இல் வியன்னாவில், பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில் கெம்பலன் என்பவர் ஓர் இயந்திரத்தைக் காட்டினார். தலைப்பாகையும் அங்கியும் அணிந்து, நீண்ட புகைக்குழலுடன் ஒரு பெட்டியின் பின்னே அமர்ந்திருந்த அவ்வுருவம் 'துருக்கியர்' எனப்பட்டது. ஆட்டத்திற்கு முன் பெட்டியின் கதவுகளைத் திறந்து பற்சக்கரங்களைக் காட்டுவார்கள். உள்ளே, நகரும் இருக்கையில் ஒரு மனிதர் ஒளிந்திருந்தார். 1809இல் நெப்போலியனும் அதனுடன் ஆடினார்.

துருக்கிய வேடம் எதற்காக? உஸ்மானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது 1683இல். அந்த அச்சம் தணிந்து வேடிக்கையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. எதிராளியின் முகமே சிறந்த விளம்பரமாயிற்று. 1868இல் லண்டனில் தோன்றிய மற்றொரு பொம்மைக்கு 'அஜீப்' என்றே பெயர். வியப்புக்குரியது எனப் பொருள்படும் அரபுச் சொல். அதற்குள்ளும் மனிதரே ஆடினர். நியூயார்க்கில் அவ்வாறு ஆடியவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பில்ஸ்பரி.

ஆள் ஒளிந்திராத உண்மையான கருவியை 1912இல் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் டோரஸ் கெவேதோ உருவாக்கினார். அரசனும் கோட்டையும் கொண்டு தனி அரசனை வெல்ல மட்டுமே அது அறிந்திருந்தது. அதற்குத் தலைப்பாகை தேவைப்படவில்லை.

1977இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் 'செஸ் சேலஞ்சர்' என்னும் கணினியை வீட்டு உபயோகத்திற்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது மோசடி இல்லை; கணக்கிட்டது நுண்செயலியே. எனினும் பழைய விளம்பர மரபு மறையவில்லை. 1978இல் வந்த ஒரு கணினியின் பெயர் 'போரிஸ்'. ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் 1972இல் மோதியதை மறவாத அமெரிக்கருக்கு, அந்நாளைய எதிராளி ரஷ்யர் அல்லவா! 1980இல் ஜெர்மானியக் கணினியொன்று 'மெஃபிஸ்டோ' என ஷைத்தானின் பெயரையே சூடியது. 1878ஆம் ஆண்டின் பொம்மை ஒன்றுக்கும் அதே பெயர்தான். 1979இல் ஒரு கருவி பேசவும் தொடங்கியது. பின்னர் காஸ்பரோவின் பெயரும் உருவமும் விற்பனைக்குத் துணைநின்றன.

ஆக, இயந்திரம் மாறிற்று. அதற்கு முகமூடி அணிவிக்கும் வழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் அஞ்சுகின்ற, அல்லது வியக்கின்ற முகத்தை அதற்கு அணிவித்தது. இதில் இழப்பு யாருக்கு? துருக்கியப் பொம்மையை அறிந்தோர் பலர். அஸ்ஸூலீயை அறிந்தோர் சிலர். சிந்தித்த மனிதர் மறக்கப்பட்டார். சிந்திப்பதாக நடித்த உடை நினைவில் நின்றது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய விளம்பரங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், 'அஜீப்' என வியப்பதோடு நின்றுவிடலாகாது. பெட்டிக்குள் யாருடைய உழைப்பு இருக்கிறது, யாருடைய முகம் வெளியே காட்டப்படுகிறது எனக் கேட்பதே அறிவுடையோர் கடமை.