பந்தியில் இடமில்லாதவர்
மாக்ஸ்வெல்லின் பழைய விதியில் வாயுத் துகளுக்கு வேக எல்லை கிடையாது. எதுவும் ஒளியை மிஞ்சாது என்கிறது சார்பியல். அதன்படி அந்த விதியை 1911இல் யூட்னர் திருத்தி எழுதினார்.

அதே ஆண்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார் மேகநாத் சாகா. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மளிகைக் கடைக்காரரின் மகன். ஈடன் இந்து விடுதியில் ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தார்கள்.

1920இல், விண்மீன் வாயு எந்த வெப்பத்தில் எவ்வளவு அயனியாகும் என்று கணிக்கும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தார் சாகா. அதே ஆண்டு, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளைச் சத்யேந்திரநாத் போஸுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் அவர்தான்.

தோழர்களே, நம்மிடம் ‘தகுதி’ பேசுவோர் முதலில் அந்தப் பந்திக்குப் பதில் சொல்லட்டும்.